சூரியக் கிண்ணமும் கல்வராயன் அடுப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வெப்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் கை விசிறியைத்தான் தேடும். சித்திரை வெயிலில் கள்ளக்குறிச்சிப் பஸ் நிலையத்தில் அரைமணி நேரம் நின்ற ஒருவன் வெப்பத்தின்மீது காதல் கொண்டான் என்றால் கேட்பவர் நகைப்பர். ஆயினும் எனக்கு அந்தக் காதல் வந்துவிட்டது. அடுப்பு, உலை, சூளை, கொதிகலன் என்று எதைக் கண்டாலும் என் கால்கள் தாமாகவே நின்றுவிடும். அரிசி ஆலையில் நெல் அவிப்பதற்காக உமி எரிவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில், பிழிந்த கரும்பின் சக்கையே கொதிகலனுக்கு எரிபொருள் என்று அறிந்த நாளன்று எனக்கு உறக்கமே வரவில்லை. நூறு கிலோ கரும்பை அரைத்தால் ஏறத்தாழ முப்பது கிலோ சக்கை. அதில் பாதி ஈரம். அந்த ஈரச் சக்கையின் நெருப்பே அந்தக் கரும்பின் சாற்றைக் காய்ச்சி முடித்துவிடுகிறது. கரும்பு தன்னைத் தானே சமைத்துக்கொள்கிறது! விடுதித் தோழர்கள் எனக்குப் ‘பாய்லர்’ என்று பெயர் சூட்டியதில் வியப்பில்லை.

இத்தகைய பித்துக் கொண்டவனுக்கு அயல்நாட்டு நகரம் ஒன்றைக் காணவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. பனி பெய்யும் நகரங்களில் மனிதர் எவ்வாறு வீட்டைச் சூடாக்கி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்க்கவேண்டாமா? ஆனால் பாஸ்போர்ட்டும் இல்லை, பணமும் இல்லை. மாமா ஒருவர் இருந்தார். அவர் பல ஆண்டுகளாக ஆரோவில்லில் கொத்து வேலை செய்பவர். ‘வெளிநாட்டைப் பாக்கணுமா? எங்கூட வாடா’ என்று சென்ற மார்கழி விடுமுறையில் என்னை அழைத்துச் சென்றார்.

ஆரோவில் வெளிநாடா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டவர் குடியிருக்கும் ஊர் அது. 1968 பிப்ரவரி 28-ஆம் நாள், 124 நாடுகளின் இளைஞர் தத்தம் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம். வேடிக்கை என்னவென்றால், அன்று அந்த ஊரும் நமது கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. பின்னர் இரண்டும் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தன. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோதுதான் நாமும் அவர்களும் பிரிந்தோம். ஆக, ஐம்பது ஆண்டுகளாக நம் மாவட்டத்திலேயே இருந்த ஓர் அயல்நாட்டை, அது நம்மைவிட்டுப் போன பிறகு நான் காணச் சென்றேன்.

உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் கடந்து, திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கி உள்ளே சென்றால் செம்மண் சாலையும் மரங்களுமாக ஊர் தொடங்குகிறது. மாத்ரி மந்திரின் பொன்னுருண்டையை எல்லோரும் பார்க்கிறார்கள், நானும் பார்த்தேன். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். என் உள்ளம் நாடியது வேறொன்றை. ‘சோலார் கிச்சன்’ என்னும் பொதுச் சமையற்கூடத்தின் கூரையில் அமர்ந்திருக்கும் சூரியக் கிண்ணமே அது.

பதினைந்து மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய கிண்ணத்தை வானத்தை நோக்கி வைத்தாற்போன்ற தோற்றம். மெல்லிய ஃபெர்ரோசிமெண்ட் வார்ப்பின் உட்புறம் முழுதும் ஆயிரக்கணக்கான சிறு கண்ணாடித் துண்டுகள் ஒட்டப்பட்டுள்ளன. நாம் ஒளியியல் பாடத்தில் படித்ததைச் சற்று நினைவுகூர வேண்டுகிறேன். கோளக் கண்ணாடி இணைகதிர்களை ஒரு புள்ளியில் குவிப்பதில்லை. அவை ஒரு கோட்டின்மீது சிதறி விழும். இதைக் கோளப்பிறழ்ச்சி என்னும் குற்றமாகப் படித்துப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். அந்தக் குற்றத்தையே இங்கே குணமாக்கியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கிண்ணத்தைச் சூரியனுக்கு ஏற்பத் திருப்புவது எளிதன்று. ஆகவே கிண்ணம் அசையாமல் நிற்கிறது. கதிர்கள் விழும் அந்தக் கோட்டின்மேல் ஒரு நீண்ட கொதிகலன் மட்டும் தொங்கி, சூரியன் நகர நகரத் தானும் நகருமாறு அமைத்திருக்கிறார்கள். அங்கே பிறக்கும் வெப்பம் நீராவியாகிக் கீழே சமையற்கூடத்துக்கு இறங்குகிறது. 150 டிகிரி வெப்பநிலை, நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு இரண்டு வேளை உணவு என்பது திட்டமிட்ட அளவு.

நான் உடனே பாக்கெட்டிலிருந்த காகிதத்தில் கணக்குப் போட்டேன். விட்டம் 15 மீட்டர் என்றால் வாயின் பரப்பு ஏறத்தாழ 176 சதுர மீட்டர். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட். கண்ணாடியில் இழப்பு, குழாயில் இழப்பு, சாய்ந்து விழும் வெயிலின் இழப்பு யாவும் போகப் பாதி தேறினால்கூட எண்பது கிலோவாட்டுக்கு மேல். எண்பது வீடுகளின் மின்னடுப்புக்கு ஈடான வெப்பம், ஒரு பைசா விறகில்லாமல்! மாமா பொறுமையிழந்து, ‘போதும் வாடா, சோத்துக்கு நேரமாச்சி’ என்றார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியாது. நான் சென்ற அன்று வானம் மூடியிருந்தது. மார்கழி மேகம். கிண்ணத்தில் சூரியனுக்குப் பதில் சாம்பல் நிற வானம் தெரிந்தது. இத்தகைய நாட்களுக்கென்றே டீசலால் எரியும் துணைக்கொதிகலனும் அமைப்பில் உண்டு. இதை நான் குறையாகக் கூறவில்லை. மேகத்துக்கு எந்த விஞ்ஞானியும் பொறுப்பல்லன். ஆயினும் ‘நம்மூரில் எல்லார் வீட்டுக் கூரையிலும் இதை வைத்துவிட்டால் என்ன?’ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் கை அப்போது சற்றே தயங்கியது.

மாமாவின் மேஸ்திரி முன்னரே சொல்லி வைத்திருந்ததால் எங்களுக்கும் அங்கே பகலுணவு கிடைத்தது. எங்கள் மேசையில் ஒரு கொரிய நாட்டு அம்மையார் அமர்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். கள்ளக்குறிச்சி என்றதும் அடுத்த மேசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் இந்தப் பார்வை கிடைக்கிறது, பழகிவிட்டது. அம்மையாருக்கு அதெல்லாம் தெரியாது. நான் மலையிலிருந்து வருபவன், அடுப்புகளில் ஆர்வமுள்ளவன் என்று என் தமிழ்வழி ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. தம் பாட்டி வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

கொரிய நாட்டுப் பழைய வீடுகளில் ‘ஓன்டோல்’ என்றொரு முறை உண்டாம். வெதுவெதுப்பான கல் என்று பொருளாம். சமையலறை தாழ்வாகவும், படுக்கும் அறை சற்று உயரமாகவும் இருக்கும். அடுப்பில் சோறு வேகும்போது, அந்தப் புகை கூரைக்கு ஏறாமல், படுக்கையறைத் தரைக்கு அடியிலுள்ள கற்கால்வாய்களின் வழியே ஓடி மறுபக்கத்துப் புகைபோக்கியில் வெளியேறும். போகிற போக்கில் தரைக் கற்களைச் சூடேற்றிவிடும். கல் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்வதால் இரவு நெடுநேரம் தரை இளஞ்சூடாகவே இருக்கும். ஒரே நெருப்பில் சோறும் வெந்தது, வீடும் காய்ந்தது. அறைக்குள் புகையும் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு மெய்சிலிர்த்தது. பிற்காலத்தில் அங்கே விறகுக்குப் பதிலாக நிலக்கரி வில்லைகளை எரிக்கத் தொடங்கியபோது, தரை வெடிப்பின் வழியே கார்பன் மோனாக்சைடு கசிந்து எத்தனையோ பேர் உறக்கத்திலேயே மாண்டனர் என்பதையும் அவரே சொன்னார். நல்ல ஏற்பாட்டிலும் ஒரு வெடிப்புப் போதும்.

பிறகு அவர் கேட்டார்: ‘உங்கள் மலையில் குளிர் உண்டா? இரவில் என்ன செய்வீர்கள்?’

‘போர்வை’ என்றேன்.

‘வீட்டுக்குள் எத்தனை டிகிரி இருக்கும்?’

எனக்குத் தெரியவில்லை. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின் என்று தெரியும். திரவ நைட்ரஜன் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்று தெரியும். தை மாதத்து விடியலில் என் ஆயா படுத்திருக்கும் அறையின் வெப்பநிலை எனக்குத் தெரியாது. அந்த மேசையில் எனக்குண்டான நாணத்தை இங்கே எழுதிக் காட்ட இயலாது. அயல்நாட்டு நகரத்தில் நான் கண்ட காட்சிகளுள் முதன்மையானது இதுதான்: என் அறியாமை.

நிற்க. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆய்வுக்கூடத்து வெப்பமானி ஒன்றை அனுமதி பெற்று எடுத்துச் சென்றேன். பழைய பேப்பர் வியாபாரம் செய்யும் நண்பரிடம் வில்தராசு இரவல் பெற்றேன். எங்கள் ஊர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ளது. கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையைக் கடந்து வளைந்து வளைந்து ஏறும்போதே காற்று மாறிவிடும். தை மாதம் நாலாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் 13 டிகிரி. வீட்டுக்குள் சுவரோரம் 17. அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி 26. ஆயாவின் பாய் எங்கே விரித்திருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்து ஐந்து லிட்டர் தண்ணீரை அதே அடுப்பில் வைத்தேன். விறகை நான் தராசில் தொங்கவிட்டு நிறுக்கத் தெருவே கூடிவிட்டது. ‘படிக்கப் போன புள்ள வெறகு யாவாரம் பண்ணுது பாரு’ என்றாள் ஆயா. 22 டிகிரியில் இருந்த தண்ணீர் 97 டிகிரியில் தளதளவென்று கொதித்தது. (உயரம் கூடினால் கொதிநிலை குறையும் என்று படித்ததை எங்கள் வீட்டுப் பானையிலேயே கண்டேன், அந்த மகிழ்ச்சியைக் கொஞ்ச நேரம் அனுபவித்துக்கொண்டேன்.) செலவான விறகு ஒரு கிலோ நூறு கிராம். தண்ணீர் வாங்கிக்கொண்ட வெப்பம் 1,575 கிலோ ஜூல். காய்ந்த விறகு கிலோவுக்குக் குறைந்தது 15,000 கிலோ ஜூல் தரும். ஆக நூற்றுக்குப் பத்துப் பங்குகூட முழுதாகப் பானைக்குள் போகவில்லை. மீதித் தொண்ணூறும் வீணா?

அப்படித்தான் முதலில் எழுதிவைத்தேன். பிறகு அடுப்பருகே உட்கார்ந்து பார்த்தபோது அந்தத் தொண்ணூறு என்னென்ன செய்கிறது என்று தெரிந்தது. ஆயாவின் முதுகைக் காய்ச்சுகிறது. அடுப்புக்கு மேலுள்ள பரணில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் விதைச் சோளத்தையும் மூட்டையிலுள்ள விதைச் சாமையையும் உலர வைக்கிறது. புகை வண்டு அண்டாமல் காக்கிறது. கூரைப் புல்லில் பூச்சி பிடிக்காமல் செய்கிறது. ஈரத்துணி காய்கிறது. அதே புகைதான் ஆயாவின் கண்ணில் நீர் வடியச் செய்கிறது. என் அம்மாவுக்கு இருமலைத் தருகிறது. வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கணக்கு வகுப்பில் கேட்கும்போது ஓர் எண். அம்மா இருமும்போது எண்ணாக இல்லை.

எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு இல்லையா? இருக்கிறது. அரசின் திட்டத்தில் வந்தது. சிலிண்டர் மூலையில் நிற்கிறது; அதன் தலைமேல் சாமான் பாத்திரம். தீர்ந்தால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து தோளில் சுமந்து வரவேண்டும். விலையோ கூலிக்காரருக்கு இரண்டு மூன்று நாள் சம்பளம். இவை எனக்கு முன்பே தெரிந்த காரணங்கள். தெரியாத காரணத்தை ஆயா சொன்னாள்:

‘கேசு சோறாக்குண்டா சாமி. குளுரு காய வெக்குமா?’

என் கட்டுரையின் கருத்து முழுவதும் ஆயாவின் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். நம் நாட்டில் அடுப்பைத் திருத்த முயன்றவர்கள் குறைவல்லர். 1950-களிலேயே ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்னும் பொறியாளர் புகையில்லா அடுப்பு அமைத்து, அதைக் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று நூலும் எழுதினார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-இல் அமுல்ய ரெட்டி தொடங்கிய ‘ஆஸ்த்ரா’ குழுவினர், புகைபோக்கியுடன் மூன்று பாத்திரங்கள் வைக்கத்தக்க ‘ஆஸ்த்ரா ஒலே’ அடுப்பை உருவாக்கினர். நம் அடுப்பு பத்துப் பங்கு பயன் தரும் இடத்தில் அது முப்பதுக்கும் மேல் தந்தது. 1983-இல் மத்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அது கைவிடப்படுவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டித் தரப்பட்டன. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே இடிந்தன, அல்லது இடிக்கப்பட்டன. புகைபோக்கி அடைத்துக்கொண்டது, இலக்கை எட்டுவதற்காக அவசரமாகக் கட்டினார்கள், வீட்டுப் பானை அடுப்பின் வாய்க்குப் பொருந்தவில்லை என்று காரணங்கள் சொல்வார்கள். அவை உண்மையே. ஆனால் மலை வீடுகளைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு என்பது என் துணிபு. அளந்தவர்கள் பானையை மட்டும் அளந்தார்கள். பானைக்கு வெளியே போனதெல்லாம் அவர்கள் கணக்கில் இழப்பு. முதுகும் பரணும் விதையும் கணக்கில் வரவில்லை. அடுப்பின் நான்கு வேலைகளில் ஒன்றை மட்டும் புதிய அடுப்பு திறம்படச் செய்தால், மற்ற மூன்றும் சேர்ந்து பழைய அடுப்பைத் திரும்பக் கூப்பிட்டுவிடும்.

வெப்பம் என்பது பொருளன்று, இயக்கம் என்று பீரங்கி துளைத்துக் காட்டிய ரம்ஃபோர்டு பிரபுவை நாம் அனைவரும் அறிவோம். 1798 என்று ஆண்டுகூட மனப்பாடம். அதே மனிதர் மியூனிக் நகரில் ஏழைகளுக்குச் சூப் காய்ச்சும் சமையற்கூடங்களை அமைத்து, எவ்வளவு விறகுக்கு எத்தனை பேர் உணவு என்று நிறுத்துக் கணக்கெழுதி வைத்தவர் என்பதை நம் பாடநூல் சொல்வதில்லை. கணப்பு அடுப்பின் வாயைக் குறுக்கி, புகை அறைக்குள் வராமல் வெப்பம் மட்டும் வருமாறு திருத்தியவரும் அவரே. பீரங்கி தேர்வுக்கு வருகிறது. சூப் வருவதில்லை.

தோழர் ஒருவர் என்னிடம் வாதிட்டார்: ‘உலகம் மின்னடுப்புக்குப் போய்விட்டது. நீ விறகடுப்பைத் திருத்தவேண்டும் என்கிறாய். மலைமக்கள் என்றும் விறகோடு கிடக்கவேண்டுமா?’ நியாயமான கேள்வி. விறகு பொறுக்கக் காட்டுக்குள் போகும் அம்மாவின் மகன் விறகைப் புகழ்வானா? மின்னடுப்பு வரட்டும்; எரிவாயு மலிவாக மலையேறட்டும். சூரியக் கிண்ணமும் வரட்டும், ஆனால் அதற்கேற்ற இடத்துக்கு வரட்டும். ஓரிடத்தில், பகலில், நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் அடுப்புகள் நம் மாவட்டத்தில் இல்லையா? மலைமேல் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. நம் விடுதி இருக்கிறது. திருப்பதி தேவஸ்தானம் 2002-இல் சூரிய நீராவியைக் கொண்டு ஆயிரக்கணக்கான பக்தர்களுக்கு அன்னம் சமைக்கத் தொடங்கியது. பகல்வெயில் பெரிய சமையற்கூடத்துக்கு உரியது. ஆயாவின் அடுப்போ விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் எரிவது. அந்த நேரத்தில் சூரியன் மலைக்கு அப்பால் இருக்கிறான். அவளிடம் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் மாடு தண்ணீர் குடிக்க ஆகுமா என்று கேட்பாள்.

எனக்குக் கொரியத் தரையைக் கல்வராயனில் அப்படியே இறக்கிவிடும் எண்ணமும் இல்லை. எங்கள் மண்சுவருக்கும் மழைக்கும் அது பொருந்துமா என்று அறியேன். கசிவின் ஆபத்தையும் மறக்கவில்லை. அடுப்பின் புகையை ஒரு திண்ணையின் அடியில் ஓடவிட்டு வெளியே அனுப்பினால் ஆயா படுக்க ஒரு சூடான இடம் கிடைக்குமா, பரணுக்குப் புகையில்லாமல் வெறும் சூடு மட்டும் போனால் விதை கெடாதிருக்குமா, வண்டு வருமா? இவை சோதித்துத்தான் சொல்லவேண்டியவை. சோதிப்பதற்கு முன் அளக்கவேண்டும். நூறு வீடுகளில் இரவு வெப்பநிலை என்ன, நாள் ஒன்றுக்கு விறகு எத்தனை கிலோ, சிலிண்டர் எத்தனை மாதத்துக்கு ஒன்று, அடுப்பருகே உறங்குபவர் யார் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று நம் நூலகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு நாம் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு கிராமத்துக்குப் போகிறோம். கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம், மரக்கன்று நடுகிறோம், கடைசி நாள் மேடை போட்டுப் பேசுகிறோம். நட்ட கன்றை ஆடு மேய்ந்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று பொறுப்பாசிரியர் எண்ணவேண்டாம். சென்ற ஆண்டு நானும் ஐந்து கன்று நட்டேன், ஆட்டையும் பார்த்தேன். வரும் முகாமை மலைமேல், மார்கழியிலோ தையிலோ வைத்தால் என்ன? இயற்பியல் மாணவர் வெப்பமானி கொண்டுவரட்டும். வேதியியலார் புகையைப் பார்க்கட்டும். தாவரவியலார் எந்த மரத்து விறகு என்று சொல்லட்டும். தமிழ் இலக்கிய மாணவர்கள் வந்தால் மிக நல்லது. பாட்டிமார் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ள அவர்களால்தான் முடியும். நான் ஆயாவின் பேச்சில் பாதியைத் தவறவிட்டேன்.

இதற்காகும் செலவு மிகச் சிறிது. பத்து வெப்பமானி, ஐந்து வில்தராசு, பஸ் கட்டணம். தங்குவதற்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கேட்டுவிட்டேன், தருவதாகச் சொன்னார்கள். போர்வை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். சென்ற தை மாதம் எடுத்துப் போன வெப்பமானியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதை ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் சான்றளிப்பார்.